சந்தையில் யானை இல்லை

ஜூன் 9, திங்கள்

நூல் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் தரும் டைரி இது. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. தினமும் ஏதாவது எழுதச் சொல்லி டாக்டர் உத்தரவாம். மகள் கோகிலவாணி தூசி தட்டிக் கொடுத்தாள். முதலில் ஒரு குறையைப் பதிவு செய்கிறேன். டைரியின் பக்கம் வர வரச் சின்னதாகிக்கொண்டே போகிறது. ஒரு வரிக்கு மூன்று வார்த்தைதான் கொள்கிறது. காகிதத்தை நறுக்கி என்ன கோட்டை கட்டப் போகிறார்களோ.

"ஏனுங்ப்பா, பக்கத்துல பாதிய வெறுசா உட்டுப்போட்டு ஓரத்துல இப்பிடி நெருக்கி எழுதறீங்க?" என்று கோகிலவாணி கேட்டாள். எம்.காம். படித்த பிள்ளை. எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

என்னைப் பற்றி: பெயர் சென்னியப்பன், வயது ஐம்பத்தேழு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் செக்கிங் வேலை. அதில் பத்தொன்பது வருடம் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் டீ-சர்ட்டில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ, எதுவும் என் கண்ணைத் தாண்டிக் கப்பல் ஏறியதில்லை. போன மாதம் 28-ஆம் தேதி செக்கிங் மேஜையருகே தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இன்று வீடு. இடது கை கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

எங்கள் சின்ன முதலாளி நந்தகோபால் ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜூலை 21 அன்று குளிர்கால ஆர்டர் மேஜைக்கு வருகிறது. அன்று நான் நூறு பீஸ் பார்த்துக் காட்ட வேண்டும். சரியாகப் பார்த்தால் என் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள். நூறு பீஸ் பார்ப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனாலும் அந்த நாற்காலி இல்லாமல் போனால் என்ன செய்வேன் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

மயிலாத்தாள் சிக்கனம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். காலையில் அரைத் தோசை வைத்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அரைத் தோசை இதுவே முதல்முறை. பேசாமல் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போகவே இல்லை. என் தட்டைப் பிடித்து அரைச்சுற்று திருப்பினாள். அரைத் தோசை வந்தது!

அதைத் தின்று முடித்தேன். மறுபடி திருப்பினாள். கால் தோசை வந்தது. இன்னொரு திருப்பு, அரைக்கால் தோசை. இப்படியே போய்க் கடைசியில் ஒரு விள்ளல் வந்தது. சட்னியும் அப்படியே வந்தது. இந்த வித்தையை எங்கே கற்றாள் என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே தோசைதானுங்க. நீங்க சோத்தாங்கைப் பக்கம் மட்டும் தின்னுபோட்டு நொட்டாங்கைப் பக்கத்த அப்பிடியே வெச்சிருக்கறீங்க" என்றாள்.

முழுத் தோசையை ஒரே பக்கமாக யார் தின்பார்கள்? சிரித்துவிட்டுக் கை கழுவினேன்.

ஜூன் 12, வியாழன்

நானே கண்ணாடி முன் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டேன். வழவழவென்று வந்தது. உடனே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். நோயிலிருந்து மீண்டவனுக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது.

"ஏதாச்சும் வேண்டுதலுங்ளாண்ணா?" என்று டீ மாஸ்டர் பயபக்தியோடு கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். "இல்லீங், பாதி மீசைய எடுத்திருக்கறீங்களே, மலைக்குப் போறீங்களோன்னு கேட்டனுங்" என்றார். டீயில் சர்க்கரை அதிகம்.

ஜூன் 13, வெள்ளி

டாக்டர் தேவசகாயத்திடம் போனோம். பரீட்சை வைத்தார். ஒரு தாள் நிறையக் கோடு போட்டிருந்தது, எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். ஒன்று விடாமல் அடித்தேன். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினேன். எல்லா எண்ணும் வலது பாதிக்குள்ளேயே அடங்கிவிட்டது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியில் அளவுகளை நெருக்கி அடுக்கி வெட்டினால்தான் வீணாகாது, கட்டிங் தெரிந்தவன் கடிகாரம் போட்டால் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது கம்ப்யூட்டர். ஒரு சந்தைப் படத்தைத் திரையில் காட்டினார்கள். நான் பார்க்கப் பார்க்க, என் கண் எங்கெங்கே தாவியது என்று ஒரு கேமரா பிடித்துக்கொண்டது. நம் கண் ஒரு இடத்தில் நிற்காதாம், விநாடிக்கு மூன்று தரம் தாவுமாம். என் கண் நாலு தரம் தாவும் என்று சொல்லி வைத்தேன். என்ன பார்த்தீர்கள் என்றார். தக்காளிக் கூடை, தராசு, குடை, பச்சைச் சேலைக்காரி, அவள் ஜாக்கெட்டில் தோளருகே தையல் விட்டிருக்கிறது என்றேன். டாக்டரே குனிந்து பார்த்து அசந்துபோனார்.

"ஆனையப் பாத்தீங்ளாப்பா?" என்றாள் கோகிலவாணி.

"எந்த ஆனை?"

"படத்துல பாதிக்கு ஆனைதானுங்ப்பா நிக்குது. நெத்தியில பட்டமெல்லாம் கட்டி."

சந்தையில் யானைக்கு என்ன வேலை? தக்காளி வாங்கவா வந்தது?

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உங்க கண்ணு ரெண்டும் அருமையா இருக்குங்க. குறை கண்ணுல இல்ல. மூளையில, வலது காதுக்கு மேல கொஞ்சம் பின்னால தள்ளி, பெரைட்டல்னு ஒரு பகுதி. எங்க கவனிக்கணும், கண்ணை எங்க திருப்பணும்னு உத்தரவு போடற இடம். உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, கண்ணுங்க வேலையாளு, அது சூப்பர்வைசர். வலது மூளையில இருக்கற சூப்பர்வைசருக்குத்தான் இடது பக்கத்துப் பொறுப்பு. அவருக்கு இப்ப உடம்பு சரியில்ல. அதனால இடது பக்கம் பாருன்னு யாரும் சொல்றதே இல்ல. சொல்லாததால, ஒண்ணு விட்டுப்போச்சுன்னும் உங்களுக்குத் தெரியாது."

பத்தொன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? என் லைனில் எந்தச் சூப்பர்வைசரும் சொல்லாமல் லீவு போட்டதில்லை. வணக்கம் சொல்லி வெளியே வந்தேன். கதவு நிலையை யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள், இடது தோள் இடித்தது.

ஜூன் 16, திங்கள்

பயிற்சி கொடுக்க பர்வீன் என்று ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறாள். சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. வந்ததும் சிவப்பு டேப்பை எடுத்து மேஜை, தட்டு, டி.வி., கண்ணாடி, கதவு எல்லாவற்றிலும் ஒட்டினாள். எல்லாம் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கிறதாம். "சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையத் திருப்பிட்டே போகணுங்க மாமா. படலைன்னா இன்னும் பக்கம் முடியலைன்னு அர்த்தம்" என்றாள். வீடு ஜப்தி செய்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அவள் போன பிறகு தேடினேன். ஒரு டேப்பையும் காணோம். தரமில்லாத டேப், விழுந்திருக்கும்.

ஜூன் 19, வியாழன்

முடி வெட்டப் போனேன். சலூன் எங்கள் வாசலிலிருந்து இடது கைப்பக்கம் நாலாவது கட்டடம். முன்பு ஒரு நிமிட நடை. இப்போது சலூன் எப்படியோ தள்ளிப் போய்விட்டது. வலது பக்கம் திரும்பி, ரேஷன் கடையில் வலது திரும்பி, பிள்ளையார் கோயிலில் வலது திரும்பி, மறுபடி இரண்டு வலது திரும்பினால் சலூன் வருகிறது. முக்கால் மணி நேரம் ஆனது. நல்ல நடைப்பயிற்சி.

திரும்பி வருவது சுலபம். சலூனை விட்டு இறங்கி வலது திரும்பி நேரே நடந்தால் வீடு வலது பக்கமே வந்துவிட்டது. இந்த ஊர் ரோட்டை யார் போட்டார்களோ.

ஜூன் 22, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மயிலாத்தாள் இப்போதெல்லாம் சாயந்திரம் என்னோடு வந்து உட்காருவதில்லை. முன்பு வேலை முடிந்து நான் வந்ததும் சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்ப்போம். கடலைக்காய் உரித்துக் கொடுப்பாள். இப்போது அடுப்படியிலிருந்தே பேசுகிறாள். குரல் மட்டும் கேட்கிறது. நோயாளியோடு உட்கார்ந்திருக்கச் சலிப்பாக இருக்கும். அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 25, புதன்

அரை இட்லி.

ஜூன் 29, ஞாயிறு

மயிலாத்தாளின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர்கள் எனக்கு அப்பளம் வைக்கவில்லை, பழம் வைக்கவில்லை, உப்பு ஊறுகாய்கூட வைக்கவில்லை. சண்டை போடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் இலை நான் நினைத்ததைவிட நீளம் என்று தெரிந்தது. வலது பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் அங்கே எல்லாம் இருந்தது. அப்பளத்தை நொறுக்கினேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். பழத்தை உரித்தபோது வலது பக்கத்தில் இருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏனுங், அது என்ற எலைங்."

"உங்க எலை அக்கட்ட இருக்குதுங்க. இது என்ற எலை."

"ரெண்டு எலைக்கு நடுவுல நுனி ஒண்ணு இருக்குதுங்களே, அது என்ற நுனிங். நுனி நொட்டாங்கைப் பக்கந்தான வரும்? உங்க நுனி அங்க இருக்குது பாருங், அப்பளம் அப்பிடியே கெடக்குது."

அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று பிறகுதான் தெரிந்தது. கோகிலவாணி முந்தியடித்து வந்து மன்னிப்புக் கேட்டு, என் இலையை அப்படியே திருப்பிப் போட்டாள். சபையில் நுனியை வலது பக்கம் திருப்பிப் போடலாமா? ஆனால் திருப்பியதும் அப்பளம், பழம், உப்பு, ஊறுகாய் எல்லாம் இருந்தது. அப்பளம் நமத்துப்போய் இருந்தது. அப்படியானால் ரொம்ப நேரமாக அங்கேயே இருந்திருக்கிறது. இதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

ஜூலை 2, புதன்

பயிற்சிக்கென்று கம்பெனியிலிருந்து பத்து டீ-சர்ட் வாங்கி வந்தாள் கோகிலவாணி. பர்வீன் எதிரே உட்கார்ந்து குறித்துக்கொண்டாள். பத்தையும் ஆறு நிமிடத்தில் பார்த்தேன். பத்தும் பாஸ். முதல் தரமான தையல்.

மேலே இருந்த பீஸை எடுத்து கோகிலவாணி அப்படியே மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு பக்கம் கை இருந்தது. இன்னொரு பக்கம் கையே இல்லை, ஓட்டை வழியாக அவள் சுடிதார் கை நீட்டிக்கொண்டிருந்தது. இவர்களே தையலைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

"இது பாஸுங்ளாப்பா?"

"இப்ப வெளிநாட்டுல கையில்லாமத்தான் போடறாங்க."

"ஒரு பக்கம் மட்டுங்ளா?"

"சரக்கு வாங்கற பையர் என்ன கேட்டிருக்கறானோ, அதுதான் கண்ணு நமக்கு."

பர்வீன் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். நான் சிரிக்கவில்லை. பத்து பீஸிலும் ஒரே பக்கத்துக் கை இல்லை. பத்திலும் நான் பாஸ் போட்டிருந்தேன். அந்த டீ-சர்ட்டை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோட்டத்தில் நின்றேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் மயிலாத்தாள் மீது எரிந்து விழுந்தேன். ஒரு மாதமாக என் பக்கத்தில் வந்து உட்காரக்கூட உனக்கு மனசில்லை, உடம்பு சரியில்லாத மனுசனை இப்படித்தான் தனியாக விடுவாயா என்று கேட்டுவிட்டேன். கோகிலவாணிக்குத்தான் கோபம் வந்தது. போனை எடுத்து வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"டாக்டருக்குக் காட்டோணும்னு நேத்துச் சாயந்தரம் வீடியோ எடுத்தனுங்ப்பா. பாருங்க."

டி.வி. பக்கத்தில் நின்று சோபாவை நேராக எடுத்திருக்கிறாள். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பாதி மீசையோடு. என் இடது பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, மயிலாத்தாள் உட்கார்ந்திருக்கிறாள்.

எதிரிலிருந்து எடுத்ததால் என் இடது பக்கம் படத்தில் வலது பக்கமாக வந்துவிட்டது. அதனால் எனக்குத் தெரிந்தது. கண்ணாடியில் இடது இடதாகவே இருக்கும்; படத்தில் மாறிவிடும். பர்வீன் பிறகு விளக்கினாள்.

படத்தில் மயிலாத்தாள் கடலைக்காய் உரிக்கிறாள். உரித்த பருப்பை என் இடது உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைக்கிறாள். நான் தின்னவில்லை. கை நிறைந்து கீழே கொட்டுகிறது. குனிந்து பொறுக்கி மறுபடியும் வைக்கிறாள். சீரியலைப் பார்த்து என்னிடம் கேட்கிறாள்: "ஏனுங், இந்த சின்ன மருமக நல்லவளா கெட்டவளா?" நான் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக் கொஞ்சம் காத்திருக்கிறாள். பிறகு குரலைக் கட்டையாக்கி, என் மாதிரியே, "இவ கெட்டவதான், முழியப் பாரு" என்று அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். நான் உம்மென்று டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்து அடுப்படியை நோக்கி, "மயிலாத்தா, இங்க வந்து உக்காரேன்" என்று கத்துகிறேன்.

"இங்கதானுங்க இருக்கறேன்" என்கிறாள் அவள், என் காதருகே.

போனைக் கீழே வைத்தேன். "அவுங்க நொட்டாங்கைப் பக்கமே உக்காரோணும், என்னைக்காச்சும் திரும்பிப் பாப்பாருன்னு ஆஸ்பத்திரியிலயே டாக்டர் சொன்னாருங்ப்பா. வீட்டுக்கு வந்த நாளா அம்மா அங்கதான் உக்கார்ந்துட்டிருக்குது" என்றாள் கோகிலவாணி.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதேன். முப்பத்திரண்டு வருடம் எதையும் விட்டதில்லை என்று மார்தட்டியவன், ஒரு மாதமாகப் பெண்டாட்டியையே விட்டிருக்கிறேன். எனக்கு இடது பக்கம் போய்விட்டது. இதை என் கையால் எழுதுகிறேன்.

ஜூலை 5, சனி

சிவப்பு டேப்பைக் கண்டுபிடித்தேன். மேஜையில் இருந்தது. மொத்தம் பதினேழு ஒட்டியிருக்கிறாள், பாவி.

ஜூலை 6, ஞாயிறு

சாயந்திரம் சோபாவில் உட்கார்ந்து தலையை இடது பக்கம் திருப்பினேன். காலண்டர் தெரிந்தது, இன்னும் திருப்பினேன். ஜன்னல், இன்னும். கழுத்து சுளுக்கும்போல இருந்தது. மயிலாத்தாள் இருந்தாள். "வாங்க" என்றாள், வெளியூரிலிருந்து ஒறம்பரை விருந்துக்கு வந்த மாதிரி.

ஜூலை 11, வெள்ளி

சலூனுக்குக் கதவைத் தாண்டி இடது பக்கம் திரும்பிப் போனேன். ஒரு நிமிடம். நிலையில் ஒருதரம், தந்திக் கம்பத்தில் ஒருதரம் இடித்துக்கொண்டேன். மீசையை முழுதாக எடுத்துவிடச் சொன்னேன். இனி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

பர்வீன் கற்றுக்கொடுத்த முறை: இடது கையை மேஜை மீது வைத்து, ஓரம் தட்டுப்படும் வரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும். பிறகு அங்கிருந்து வலது பக்கம் பார்த்து வர வேண்டும். யாரும் உத்தரவு போடாத கண்ணுக்குக் கையே உத்தரவு போடுகிறது. ஒரு பீஸுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. முன்பு மூன்று நிமிடத்தில் நாலு பீஸ் பார்ப்பேன்.

இன்று இருபது பார்த்தேன். ஒன்று விட்டேன். போன வாரம் ஏழு விட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நாளைக்கு. தோசை முழுதாக இருந்தது, தின்ன முடியவில்லை.

ஜூலை 21, திங்கள்

கம்பெனியில் எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். மீசை இல்லாததால் நாலு பேருக்கு அடையாளம் தெரியவில்லை. என் மேஜை, என் நாற்காலி. சின்ன முதலாளி நூறு பீஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மேஜையின் இடது கோடியில் போய் நின்றார்.

எங்கள் வேலையில் மூன்று அடுக்கு. சரியாக இருந்தால் பாஸ். திருத்தினால் சரியாகிவிடும் என்றால் ஆல்ட்டர். ஒன்றுக்கும் ஆகாது என்றால் ரிஜெக்ட். குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். பாஸ் ஆன பீஸில் பார்த்தவரின் எண் இருக்கும். என் எண் ஏழு.

ஒவ்வொரு பீஸையும் கையால் இழுத்து இழுத்துப் பார்த்தேன். கண் வலது பக்கமே ஓடியது, பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. நான் பாஸ் போடப் போட முதலாளி எடுத்து மறுபடி பார்த்தார். நாலு மணிக்கு நூறும் முடிந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

முதலாளி என் வலது பக்கம் வந்து நின்றார். "அண்ணா, ஒண்ணுகூட உடலீங்க. நூத்துக்கு நூறு. நாளைக்கே வந்துருங்க" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியே எழுந்து போயிருக்கலாம். ஆனால் எந்த மேஜையை விட்டு எழுந்தாலும் ஒருமுறை ஓரம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது பர்வீனின் சட்டம், மீறினால் அடுத்த நாள் இரட்டிப்புப் பயிற்சி. அந்த மேஜையில் சிவப்பு டேப் கிடையாது. கையை வைத்து இழுத்துக்கொண்டே போனேன். ஓரம் வருவதற்கு முன் விரலில் துணி தட்டியது.

நாலு பீஸ், அம்புக்குறி ஒட்டியது. ஒன்றில் எண்ணெய்க் கறை, இரண்டில் தையல் விட்டிருந்தது. நாலாவதில் கழுத்துப்பட்டி பிய்ந்து தொங்கியது. நாலும் இடது பக்கத்தில். நாலிலும் என் ஏழாம் எண். அவர் ஒளித்துக்கூட வைக்கவில்லை. மேஜை மேலேயே பப்பரப்பே என்று வைத்திருந்தார்.

"தம்பி, இது என்னங்க?"

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அது... வேற லாட்டுங்ணா."

"என்ற நம்பர் இருக்குதுங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பா காலத்துல இருந்து இருக்கறீங்ணா. உங்களை எப்பிடிங்ணா வேண்டாம்னு சொல்றது? நாலுதான, பின்னால ஒரு ஆளப் போட்டுப் பாத்துக்கலாம்னு... நீங்க அந்தப் பக்கம் பாக்க மாட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்."

"பாத்துட்டனுங்களே" என்றேன்.

எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒருவரும் அங்கே பார் என்று சொல்லவில்லை. சிவப்பு டேப் இல்லை, மகள் இல்லை. நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷமும், நாலு விட்டுப்போன துக்கமும் ஒரே நேரத்தில் வந்தன.

"நாலு பீஸ் உட்ட ஆள நான் இந்த நாற்காலியில உக்கார வெச்சதில்லீங்க தம்பி. என்னையும் வெக்காதீங்க. குளுருகால ஆர்டருக்கு வேற ஆளப் போட்டுருங்க. ஆனா என்னைய ரிஜெக்ட்ல போட்டுறாதீங்க. ஆல்ட்டர்ல போடுங்க. வெயில்கால ஆர்டருக்கு வந்து மறுபடியும் நூறு பாக்கறேன்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இடது கையைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மயிலாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி போய்விட்டது என்பதைக் கடைசியில் சொன்னேன். "போனாப் போகுதுங்க, ஆனைய உட்டவரு நாலு பனியன உட்டதுதான் பெரிசாக்கு" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து என் இடது பக்கம் போய் நின்றுகொண்டாள். இத்தனை நாள் நான் பார்க்க வேண்டுமென்று வந்து உட்கார்ந்த பக்கத்துக்கே, இன்று நான் பார்க்கக் கூடாதென்று போனாள்.

திரும்பினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் ஓரிடத்தில் நூல் இழுத்திருந்தது. நான் சொல்லவில்லை.